சேல்ஸ்மேனுக்கு வண்டி: கடை பெயரிலா, அவர் பெயரிலா?

ஈரோட்டில் சில ஏஜென்சிகளுக்கு நான் கணக்கு பார்க்கிறேன். அதில் ஒன்று பிஸ்கட், சோப்பு, மசாலா என்று நான்கைந்து கம்பெனிப் பொருள்களை எடுத்து விற்கும் கூட்டு நிறுவனம். நான்கு சேல்ஸ்மேன்கள். டவுன், பெருந்துறை, பவானி–அந்தியூர், கோபி–சத்தி என்று ஆளுக்கொரு லைன். காலையில் கிளம்பிக் கடை கடையாக ஆர்டர் எடுத்து, பழைய பில்லுக்குப் பணம் வசூலித்து, இருட்டிய பிறகு திரும்புவார்கள். இதுவரை அவரவர் பைக்தான். நான்குமே பழசாகிவிட்டன.

முதலாளி என்னிடம் கேட்டார்: கடை பெயரில் நான்கு பைக் எடுத்துக் கொடுத்துவிடலாமா, இல்லை அவர்களையே வாங்கிக்கொள்ளச் சொல்லி பெட்ரோல் காசைக் கூட்டிவிடலாமா? அப்புறம் அவர் மனதில் உண்மையில் உறுத்திக்கொண்டிருந்த கேள்வி வந்தது. "கடை வண்டியை எடுத்துக்கிட்டு அவன் சொந்த வேலையாப் போய் யாரையாவது இடிச்சுட்டா, நாம எதுக்குங்க கட்டணும்?"

இந்தக் கேள்வியை வேறு மூன்று கடைகளிலும் கேட்டிருக்கிறேன். ஏறக்குறைய இதே சொற்களில். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

சொந்த வேலை எங்கே தொடங்குகிறது?

ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு வாசல்படி ஒரு கோடு. லைனில் போகிறவருக்கு அந்தக் கோடு கிடையாது. மதியம் சாப்பிட ஹோட்டல் தேடிப் போவது வேலையைச் சேர்ந்ததுதான். நாள் முழுக்க வெளியில் இருப்பவர் எங்காவது சாப்பிட்டாக வேண்டும். போகிற ரோட்டிலேயே மருந்துக் கடையில் பத்து நிமிடம் நின்று அம்மாவுக்கு மாத்திரை வாங்கினால், அதனால் வேலை அறுந்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. ஆனால் கோபி லைனை முடித்தவர், ஈரோடு திரும்பாமல் மனைவியை ஏற்றிக்கொண்டு பாரியூர் அம்மன் கோயிலுக்கு வண்டியைத் திருப்பினால், அங்கே அறுந்துவிடுகிறது.

இந்த வித்தியாசத்தை நீதிமன்றங்கள் குதிரை வண்டிக் காலத்திலிருந்தே பேசி வருகின்றன. 1869-இல் லண்டனில் ஒரு வழக்கு. ஒயின் வியாபாரி ஒருவரின் வண்டிக்காரர் சரக்கை இறக்கிவிட்டுக் காலி பாட்டில்களோடு திரும்புகிறார். கடைக்குக் கால் மைல் இருக்கும்போது, கூட வந்த குமாஸ்தா தன் சொந்த வேலை ஒன்றுக்காக வண்டியை வேறு திசையில் திருப்பச் சொல்கிறார். போகிற வழியில் விபத்து. முதலாளி பொறுப்பில்லை என்று தீர்ப்பானது. அது வழியில் கொஞ்சம் சுற்றிப் போனது அல்ல, வேறொரு புதிய பயணம் என்பது காரணம்.

நம் உச்ச நீதிமன்றம் இந்த வழியில் இரண்டு பக்கமும் போயிருக்கிறது. 1966-இல் ஒரு டாக்ஸி வழக்கு. டிரைவர் டாக்ஸியை கிளீனரிடம் கொடுத்து லைசென்ஸ் டெஸ்டுக்கு ஓட்ட விட்டார், விபத்து நடந்தது. இது முதலாளியின் வேலையே இல்லை என்று உரிமையாளரை விடுவித்தார்கள். 1977-இல் ரஞ்சித் ஜின்னிங் அண்ட் பிரெசிங் கம்பெனி வழக்கு. கம்பெனி காரில் போன மேலாளர் வெளியாள் ஒருவரையும் ஏற்றிக்கொண்டார். அவர் விபத்தில் இறந்தார். கம்பெனிதான் பொறுப்பு என்றது நீதிமன்றம். வேலையின் எல்லையை இனி அவ்வளவு குறுக்கிப் பார்க்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் போக்கு.

சரி, இவ்வளவையும் கேட்டால் ஒரு முதலாளிக்கு என்ன தோன்றும்? சொந்த வேலை என்று நிரூபித்துவிட்டால் தப்பிக்க வழி இருக்கிறது என்றுதான் தோன்றும். அந்த நம்பிக்கையில் வண்டி விஷயத்தை முடிவு செய்யக் கூடாது.

அடிபட்டவரின் பக்கம்

மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமையாளர் என்றால், வண்டி யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவர். வண்டியை விற்றே விட்டாலும் ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், பெயர் மாறவில்லை என்றால் பழைய பெயர்க்காரர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் ஏஜென்சியின் பெயர் இருந்தால், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் கேஸ் போடும்போது முதல் எதிர்மனுதாரர்களில் ஏஜென்சி இருக்கும். வண்டி அன்று கோயிலுக்குப் போனதா கடைக்குப் போனதா என்பது அடிபட்டவருக்குத் தெரியவும் தெரியாது, தேவையும் இல்லை.

இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால் இதைப் பற்றி ஏஜென்சியும் கவலைப்பட வேண்டியதில்லை. தனியார் கார், பைக் பாலிசியில் 'எதற்குப் பயன்படுத்தலாம்' என்ற பகுதியை எடுத்துப் படியுங்கள். வாடகைக்கு விடுவது, பந்தயம் ஓட்டுவது, சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர மற்ற சரக்கு ஏற்றுவது என்று சில விலக்குகளைச் சொல்லிவிட்டு, மற்ற எல்லா உபயோகத்துக்கும் பாலிசி பொருந்தும் என்கிறது. கோயிலுக்குப் போவதும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அந்த விலக்குகளில் இல்லை. லைசென்ஸ் உள்ள சேல்ஸ்மேன் கடையின் அனுமதியோடு வைத்திருக்கும் வண்டி என்றால், சொந்த வேலை என்ற ஒரே காரணத்துக்காக இன்சூரன்ஸ் கம்பெனி ஒதுங்க முடியாது.

ஆக, 'சொந்த வேலையா, கடை வேலையா' என்ற சண்டை அடிபட்டவர் விஷயத்தில் பெரும்பாலும் எப்போது வெடிக்கிறது? இன்சூரன்ஸ் இல்லாதபோது. அல்லது லைசென்ஸ் காலாவதியானபோது. லைசென்ஸ் காலாவதி என்றால், இன்சூரன்ஸ் கம்பெனியை முதலில் பணம் கட்டச் சொல்லிவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லும் உத்தரவு வரக்கூடும்.

தொகையைப் பார்த்தால் அளவு புரியும். 30 வயது கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் வருமானம், அவரை நம்பி நான்கு பேர். அவர் இறந்துபோனால், 2017-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு வகுத்த கணக்குப்படி வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, அவர் தன் செலவுக்குக் கால் பங்கு கழித்து, 17 ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 32,13,000 ரூபாய் வருகிறது. இறுதிச் செலவு, குடும்பத்தின் இழப்பு என்று மற்றவை தனி. இந்தப் பொறுப்பைத் தாங்கும் தேர்ட் பார்ட்டி பாலிசிக்கு, 75 முதல் 150 சிசி வரையிலான பைக்கில், 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி ஆண்டுக்கு 714 ரூபாயும் வரியும். நான்கு பைக்குக்கும் சேர்த்து ஒரு நாள் கலெக்ஷனில் ஒரு சிறு துண்டு.

அவரவர் பைக், பெட்ரோல் அலவன்ஸ்

இதில் ஆர்.சி. சேல்ஸ்மேன் பெயரில். லைன் முடிந்து அவர் தன் பைக்கில் மாமியார் வீட்டுக்குப் போய் விபத்து என்றால் கடைக்குச் சம்பந்தமே இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். முதலாளிகளுக்கு இது பிடித்திருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் லைனில் இருக்கும்போது? வண்டி அவருடையது என்பதால் கடை விலகிவிட முடியாது. பிரிட்டனில் 1989-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு ஒன்று எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். இரண்டு தொழிலாளர்களைத் தொலைவில் உள்ள பெம்புரோக் மின் நிலையத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள். பயண நேரத்துக்கும் கூலி உண்டு. ஒருவருடைய சொந்தக் காரில் போய்த் திரும்பும்போது விபத்து. காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. முதலாளி ஓட்டச் சொன்ன கார் அல்ல, முதலாளியின் காரும் அல்ல. ஆனாலும் கூலி கொடுத்த பயண நேரம் வேலை நேரம்தான் என்று முதலாளியைப் பொறுப்பாக்கினார்கள். லைன் சேல்ஸ்மேனின் நாள் முழுவதுமே அப்படிப்பட்ட பயணம்தானே?

ஆகவே இந்த வழியின் உண்மையான ஆபத்து சொந்த வேலையில் இல்லை. சேல்ஸ்மேனின் பாலிசி எப்போது முடிகிறது என்று யாரும் பார்க்காததில் இருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து புதிய பைக் வாங்கும்போதே ஐந்து ஆண்டுத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். ஐந்து ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். எங்கள் நான்கு பேரிடமும் பேப்பரைக் கொண்டுவரச் சொன்னபோது இரண்டு பாலிசி முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அந்த இரண்டு பேரும் தினமும் நம் வேலையாகத்தான் நெடுஞ்சாலையில் போய் வந்துகொண்டிருந்தார்கள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சரக்கு விஷயமும் இருக்கிறது. ஆர்டர் மட்டும் எடுப்பவர் சாம்பிள் பை வைத்துக்கொள்வது பாலிசிக்குள் அடங்கும். 'கடைக்காரர் அவசரமாகக் கேட்கிறார்' என்று இரண்டு பெட்டி சோப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு போனால், அது சாம்பிள் அல்ல. பாலிசியின் எல்லையைத் தாண்டிய சரக்கு. வண்டிச் சேதத்துக்கு கிளெய்ம் போடும்போது இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி எழுப்ப இதில் இடம் உண்டு. சரக்கு போக வேண்டுமென்றால் டெலிவரி வேனில் போகட்டும்.

கடை பெயரில் பைக்

ஆடிட்டர்களுக்கு இது பிடிக்கும். தேய்மானம் 15 சதவீதம் கணக்கில் எடுக்கலாம், எல்லாப் பில்லும் கடை பெயரில் வரும். இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் ஒரே கையில் இருப்பதால் பாலிசி விட்டுப்போகும் ஆபத்து குறைவு. அடிபட்டவருக்கும் இது நல்லது. பணம் கொடுக்கக்கூடிய ஒருவர் பெயரில் வண்டி இருக்கிறது.

பொறுப்பு கூடுகிறது என்பது உண்மை. ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி, கோயில், கல்யாணம் எல்லாவற்றிலும் ஆர்.சி. பெயர் கடையுடையதுதான். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பது தனிக் குற்றமும்கூட. சேல்ஸ்மேனின் தம்பி எடுத்துப் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். லைசென்ஸைப் பார்ப்பது, நகல் வாங்கி வைப்பது, ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்வது என்று முதலாளி தன் பங்குக்குச் செய்திருந்தால் போதும், ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை போய் உண்மையா என்று விசாரிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பங்கையாவது செய்திருக்க வேண்டும்.

சில கடைகளில் 'கடை வண்டியைச் சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாள் அடிபட்டவரைக் கட்டுப்படுத்தாது. சேல்ஸ்மேனைத்தான் பொய் சொல்ல வைக்கும். விபத்து நடந்த இடத்திலிருந்து போன் செய்யும்போதே 'லைன்லதாங்க இருந்தேன்' என்பார். இப்போது ஆர்டர் எடுக்கும் ஆப்பில் கடைசி பில் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று பதிவாகிவிடுகிறது. பொய் தெரிந்த பிறகு அவருடைய உண்மையான பேச்சையும் யாரும் நம்ப மாட்டார்கள். ராத்திரி வண்டி அவர் வீட்டில்தான் நிற்கப் போகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவர் எடுக்கத்தான் செய்வார். அதை அனுமதித்து எழுதிக் கொடுப்பதே நேர்மை. மாதம் இத்தனை கிலோமீட்டர், குடும்பத்தினர் ஓட்டக் கூடாது, வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவு போதும்.

அவருக்கே அடிபட்டால்?

முதலாளிகள் யாரும் இதை என்னிடம் கேட்டதில்லை. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான். சொந்த வேலை, கடை வேலை என்ற பிரிவு முழுப் பாரத்தோடு விழுவது இங்கேதான்.

லைனில் இருக்கும்போது சேல்ஸ்மேன் இறந்தால், 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டக் கணக்குப்படி, சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய் என்று வைத்து, 30 வயதுக்காரர் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய். பாதிச் சம்பளத்தை 207.98 என்ற வயதுக் காரணியால் பெருக்கினால் வரும் தொகை இது. இதற்கு விபத்து வேலையின் போதும் வேலையின் காரணமாகவும் நடந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் குடும்பத்துக்காகத் தீர்ப்பளித்தது. அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. காலையில் வீட்டிலிருந்து முதல் கடைக்குப் போகும் சேல்ஸ்மேனுக்கு இது பெரிய ஆறுதல். பாரியூர் கோயிலுக்குத் திரும்பியவருக்கு இதில் எதுவும் இல்லை.

அந்தப் பயணத்தில் அவர் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? விடை வண்டி யார் பெயரில் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

சொந்த பைக் என்றால், உரிமையாளரே ஓட்டும்போது உயிரிழந்தால் 15 லட்சம் ரூபாய் தரும் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு உண்டு. கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் ஒன்றுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்து ஆண்டுத் தேர்ட் பார்ட்டியோடு இந்தக் காப்பை ஓராண்டுக்கு மட்டும் எடுத்திருப்பார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து அது இல்லை. பாலிசித் தாளில் இந்தத் தேதி தனியாக அச்சாகியிருக்கும், பலர் பார்ப்பதில்லை.

கடை பெயரில் உள்ள பைக் என்றால், கூட்டு நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் இந்தக் காப்பு கிடையவே கிடையாது. தனி மனிதர் உரிமையாளராக இருந்தால்தான் தருவார்கள். தனி முதலாளியின் பெயரில் வண்டி இருந்தால் காப்பு அந்த முதலாளி ஓட்டும்போது மட்டும், சேல்ஸ்மேனுக்கு இல்லை. சரி, வண்டியின் இன்சூரன்ஸிலிருந்து இழப்பீடு கேட்கலாமா? 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் போனவர் மாட்டு வண்டியில் மோதி இறந்தார். இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், உரிமையாளர் தன் வண்டிக்காகத் தானே இழப்பீடு கேட்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். கடை வண்டியைச் சொந்த வேலைக்கு எடுத்துப் போனவரின் குடும்பத்திடமும் இதையேதான் சொல்வார்கள்.

அதாவது, முதலாளி நல்ல மனதோடு புது பைக் வாங்கிக் கொடுக்கிறார். அதனாலேயே சேல்ஸ்மேனின் குடும்பம் 15 லட்சம் ரூபாய்க் காப்பை இழக்கிறது. இரண்டு தரப்புக்கும் இது தெரியாது. இதைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. அவர் பெயரில் 24 மணி நேரமும் பொருந்தும் தனிநபர் விபத்துப் பாலிசி ஒன்றைக் கடை எடுத்துக் கொடுத்தால் போதும். எந்த வண்டி, எந்த நேரம், சொந்த வேலையா கடை வேலையா என்பதெல்லாம் அதில் குறுக்கே வராது. வண்டியின் பாலிசியிலும், கடை வண்டியை ஓட்டும் ஊழியர்களுக்கான சட்டப் பொறுப்பைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லலாம். கேட்டால் சேர்ப்பார்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை.

வாடகை வண்டி, பஸ்

டவுன் லைனுக்குப் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஓரளவு ஒத்துவரும். கோபி–சத்தி பக்கம் கிராமக் கடைகளுக்கு ஒத்துவராது. டிரைவரோடு வாடகைக் கார் என்றால் பொறுப்பு கார்க்காரருடையது. மாதம் ஒருமுறை டீலர்களைப் பார்க்கப் போகும் மேலாளருக்குச் சரி. வெள்ளை போர்டு சொந்தக் காரை 'செல்ஃப் டிரைவ்' என்று வாடகைக்குத் தருபவர்களிடம் மட்டும் எடுக்கவே கூடாது. வாடகை என்பதே அந்தப் பாலிசியின் முதல் விலக்கு.

நான் சொன்னது

டவுன், பெருந்துறை, பவானி லைன்களுக்கு பைக் சேல்ஸ்மேன் பெயரிலேயே இருக்கட்டும் என்றேன். கடை வட்டியில்லாமல் முன்பணம் கொடுத்து மாதாமாதம் பிடித்துக்கொள்ளலாம். வண்டி அவர்களுடைய சொத்து. 15 லட்சம் ரூபாய்க் காப்பும் அவர்களுடையது. சொந்த வேலைக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பாலிசிக் கட்டணத்தை மட்டும் அலவன்ஸில் சேர்க்காமல், கடையே இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் நேராகக் கட்ட வேண்டும். கையில் காசாகக் கொடுத்தால் பள்ளிக் கட்டணம் முந்திக்கொள்ளும். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கோபி–சத்தி லைனில் ஓட்டம் அதிகம். சொந்த பைக் மூன்று ஆண்டில் தேய்ந்துவிடும். அந்த நஷ்டத்தை அலவன்ஸ் ஈடு செய்யாது. அந்த ஒருவருக்குக் கடை பெயரில் வண்டி, சொந்த உபயோகத்துக்கு எழுத்தில் அனுமதி, அவர் பெயரில் தனி விபத்துப் பாலிசி.

முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப மத்த மூணு பேருக்கும் அந்தத் தனிப் பாலிசி போட்டா என்னங்க? பின்னாடி உக்காந்து போறப்ப அடிபட்டா அந்தப் பதினஞ்சு லட்சம் வராதுல்ல?" என்றார். அடுத்தவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனால் வராதுதான். நான்கு பேருக்கும் போட்டுவிட்டோம். நான்கு லைசென்ஸ், நான்கு பாலிசி, நான்கு விபத்துக் காப்பு என்று பன்னிரண்டு தேதிகளை எழுதி, கலெக்ஷன் நோட்டு வைக்கும் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். முதல் தேதி ஆவணி மாதத்தில் வருகிறது, பவானி லைன்காரருடைய லைசென்ஸ்.